மண் தெரியாத தடம்

காலையில் கதவைத் திறந்தேன். காசியன் மாமா தன் புல்வெளியில் சாம்பல் தூவிக்கொண்டிருந்தார்.

இரவில் கொஞ்சம் பனி விழுந்திருந்தது. பாலேட்டுக் கனம்கூட இருக்காது. புல் நுனிகள் அதைத் துளைத்துக்கொண்டு நின்றன. தகர வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, விதை தெளிப்பவர் மாதிரி கையை வீசி வீசி, மாமா அந்தப் பனியைக் கறுப்பாக்கிக்கொண்டே நடந்தார். வெயில் ஏறினால் சாம்பல் சுடும், அடியிலிருக்கும் பனி உருகும். புல் சீக்கிரம் முளைக்கட்டும் என்று மார்ச் மாதத்தில் எங்கள் மலையில் எல்லோரும் செய்வதுதான். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலையில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

அம்மா என் பின்னால் வந்து நின்றாள். நான்கு நாளாக ஒரே கறுப்பு உடுப்பு. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சாம்பல் தீந்துபோச்சுன்னா வீட்டையே கொளுத்திச் சாம்பலாக்குவான். எனக்குத் தெரியாதா? கூடப் பொறந்தவ."

எங்களுக்குப் பின்னால், வைக்கோல் கொட்டகையில், அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். அவரைக் கீழே கொண்டுபோக முடியாமல்தான் இத்தனையும்.

எங்களுடையது மேல்வீடு. மாமாவுடையது கீழ்வீடு, அதாவது அம்மா பிறந்த வீடு. நடுவில் மாமாவின் புல்வெளி, கூரை மாதிரி சரிந்து கிடக்கும். அதற்கும் கீழே தேவாலயக் கோபுரம், கல்லறைத் தோட்டம், ஊர். கோடையில் நாங்கள் ஊருக்கு ஓடைப் பாலம் வழியாகப் போவோம். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் பனிச்சரிவு இறங்கும் என்பதால், மாமாவின் புல்வெளி வழியாகச் சறுக்குவண்டி இழுக்கும் உரிமை மேல்வீட்டுக்கு உண்டு. கோபுரத்தைவிடப் பழைய உரிமை என்பார்கள். ஆனால் அது குளிர்காலத்துக்கு மட்டும். குளிர்காலம் என்பது என்ன என்பதில்தான் சங்கதி இருக்கிறது. நாள்காட்டி சொல்வது கணக்கில்லை, ரேடியோ சொல்வதும் கணக்கில்லை. முதல் பாரத்தை ஏற்றிக்கொண்டு மேல்வீட்டு வண்டி இறங்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் அதன் பின்னாலேயே நடந்து வர வேண்டும். வண்டி போன தடத்தில் மண் தெரியாவிட்டால் குளிர்காலம் பிறந்துவிட்டது. கையகலம் தெரிந்தாலும் அது இன்னும் இலையுதிர்காலம்தான். வண்டி நின்ற இடத்திலேயே பாரத்தை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும்.

அந்த வருஷம் அக்டோபர் மழையில் ஓடைப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. வசந்தத்தில் கட்டித் தருகிறோம் என்றார்கள். அதுவரை மாவும் உப்பும் முதுகில் கட்டிக்கொண்டு, காட்டுச் சரிவில் வேரைப் பிடித்து ஏறி இறங்கியாக வேண்டும். ஓர் ஆள் தத்தித் தத்தி இறங்கிவிடலாம். பெட்டி இறங்காது. இந்த நிலைமையில்தான் அப்பா விறகுக் குவியல் பக்கத்தில், பூட்ஸ் நாடா கட்ட உட்காருகிறவர் போல உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டார். தனக்கென்று அவரே அறுத்து வைத்திருந்த பலகைகளில் அம்மா ஒற்றை ஆளாகப் பெட்டி அடித்தாள்.

எனக்குச் செய்தி வந்தபோது நான் நகரத்து ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அங்கே வேறு ரகளை. வடக்கிலிருந்து வந்த விருந்தினர்கள் ஜன்னலைத் திறந்து, பச்சைப் புல்லைப் பார்த்துவிட்டு, முதலாளியிடம் சண்டைக்கு வந்துவிட்டார்கள். வெள்ளைக் கிறிஸ்துமஸ் என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்களே, எங்கே அது? முதலாளி ஜன்னல் விளிம்பெல்லாம் பஞ்சு ஒட்டச் சொன்னார்; ஒட்டினோம். ரோமக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஊரில் குளிர்காலம் என்றைக்குத்தான் ஆரம்பிக்கும் என்று கேட்டாள், ஏதோ நான்தான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பதைப் போல. அப்போதுதான் பாதிரியார் போனில் கூப்பிட்டார். அம்மா காட்டு வழியாக இறங்கி வந்து அவரிடம் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பவும் ஏறிவிட்டாளாம்.

காசியன் மாமா ஏன் விடமாட்டேன் என்கிறார் என்பதற்கு ஒரு காரணம் ஊரறிந்தது. பிணம் போன வழி எல்லோருக்கும் வழி என்று எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு. மண்மேல் ஒரு சவம் போய்விட்டால், அந்த வழியைப் பிறகு யாரும் அடைக்க முடியாது. கோடையில் மாடு போகும், டிராக்டர் போகும், புல்வெளி ரோடாகிவிடும். பனிமேல் போனால் பிரச்சினை இல்லை. பனி மண்ணல்ல, பனிமேல் போனவன் யார் நிலத்தையும் மிதிக்கவில்லை. எங்கள் தாத்தா, அவருடைய அப்பா, எல்லோரும் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ செத்து, பனிமேல் சுகமாகச் சறுக்கிக்கொண்டு போனவர்கள். அப்பா அவசரப்பட்டுவிட்டார்.

அவசரம் அவருக்குப் புதிதல்ல. அதுதான் இரண்டாவது காரணம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு டிசம்பரில், ஈரப்பனி விழுந்ததும், குளிர்காலம் பிறந்தாச்சு என்று அப்பாவே முடிவு கட்டி, மாமாவைக் கூப்பிடாமல், மரப் பாரம் ஏற்றிக்கொண்டு இறங்கினார். புல்வெளி முழுக்க இரண்டு பழுப்புக் கோடுகள். வசந்த மழை அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலாக்கியது; வாய்க்கால் பள்ளமாயிற்று; மாமாவின் பாதி மண் போய்க் கல்லறைச் சுவரில் குவிந்தது. அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. மழைக்கு நான் என்ன செய்வேன் என்றார். அன்றிலிருந்து அம்மா தன் அண்ணனை அண்ணன் என்று கூப்பிடுவதில்லை. கீழ்வீட்டுக்காரர் என்பாள். மாமா அப்பாவைப் பெயர் சொல்லிக்கூட அழைத்ததில்லை. 'அந்த ஆள்' என்பார்.

அந்த ஆள் இப்போது கொட்டகையில் இருந்தார். கணவாயிலிருந்து இறங்கும் காற்று நாள் முழுக்க வீசிக்கொண்டிருந்தது. வறண்ட, வெதுவெதுப்பான காற்று. பசுவின் மூச்சு மாதிரி. ஓட்டிலிருந்து நீர் சொட்டியது. கொட்டகையின் நான்கு பக்கக் கதவுகளையும் திறந்து வைத்திருந்தோம். இருந்தும் அன்று காலை உள்ளே நுழைந்த அம்மா, தோள்துணியால் மூக்கைத் துடைப்பது போல் மூடிக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

பாதிரியார் ஏற்கெனவே கீழ்வீட்டுக்குப் போய்ப் பேசியிருந்தார். பண்டிகை நாளில் அடக்கம் செய்ய முடியாது, ஆனால் கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் வைக்கலாம், அங்கே கல் தரை, குளிர்ச்சியாக இருக்கும் என்றார். மாமா அவருக்குக் காப்பி கொடுத்து, அதில் பிராந்தியும் ஊற்றி, முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஊர்த்தலைவர், பண்டிகை முடியட்டும், பார்க்கலாம் என்றார். எங்களுக்குப் பார்க்க நேரமில்லை.

நான் இறங்கிப் போனேன். மாமா நிமிரவில்லை. சாம்பல் வாளியைப் பார்த்துக்கொண்டே, நான் எப்போது வந்தேன், ஹோட்டல் சாப்பாட்டில் உடம்பு போட்டிருக்கிறேனா என்றெல்லாம் விசாரித்தார். என்மேல் அவருக்கு விரோதமில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. நாள்காட்டிப்படி குளிர்காலம் பிறந்து இரண்டு மூன்று நாளாகிவிட்டது, உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம் என்று ஆரம்பித்தேன். என் குரல் ரோமக் கோட்டுக்காரியின் குரல் போல எனக்கே கேட்டது.

"சரி. அந்த நாள்காட்டியக் கொண்டு வா" என்றார் மாமா. "தாள் தாளாக் கிழிச்சு இந்தப் புல்லு மேல விரி. அதுக்கு மேல உங்கப்பன இழுத்துட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்லல."

பிறகு வாளியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, இன்னும் சாம்பல் எடுக்க வீட்டுக்குள் போனார்.

வாசலில் மாமாவின் மனைவி ஃபிலோமெனா அத்தை நின்றிருந்தாள். கையில் துணி சுற்றிய பழ ரொட்டி. அதற்கு முந்தைய நாளும் ஒன்று கொடுத்தனுப்பியிருந்தாள். அம்மா அதை எடுத்துக்கொண்டு போய்க் கோழிகளுக்கு உதிர்த்துப் போட்டதை இங்கிருந்தே அவள் பார்த்திருக்க வேண்டும். இருந்தும் இன்னொன்றை நீட்டினாள். நான் வாங்கவில்லை. ஒரு செத்த மனுஷனோடு இப்படி மல்லுக்கு நிற்கிறாரே, நீங்களாவது சொல்லக்கூடாதா அத்தை என்றேன்.

அவள் ரொட்டியைத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள்.

"என் முதுகு ஏன் கூனிப் போச்சுன்னு உங்கம்மாகிட்ட கேட்டதுண்டா? கல்லறைச் சுவத்துல இருந்து இந்த மேடு வரைக்கும், கூடை கூடையா, போன மண்ண நாந்தான் சுமந்து ஏத்தினேன். அஞ்சு வருஷம். உங்கப்பா மேல நின்னு பாத்துட்டிருந்தார். ஒரு நாள்... ஒரே ஒரு நாள், ஒரு கூடைக்குக் கை கொடுத்திருந்தா, நானே இன்னிக்கு அந்த வாளியப் பிடுங்கிப் போட்டிருப்பேன்."

மேலே ஏறி வந்து, அத்தை சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் 'கூடை' என்ற சொல் மட்டும் விழுந்திருக்கிறது. பரணிலிருந்து இரண்டு முதுகுக் கூடைகளை இறக்கினாள்.

எங்கள் வீட்டுக்கு மேலே நரிப்பள்ளம் என்று ஓர் இடுக்கு உண்டு. வெயில் எட்டிப் பார்க்காத இடம். போன மாதம் விழுந்த பனி அங்கே கல்லுப்பு மாதிரி இறுகிக் கிடந்தது. மரம் இழுப்பவர்கள், வழியில் பனி கரைந்து திட்டு விழுந்தால், இப்படி எங்கிருந்தாவது அள்ளி வந்து போட்டு ஒட்டுப் போடுவார்கள். ஒட்டுப் போடத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். அம்மா முழுத் துணியையே நெய்யப் பார்த்தாள்.

முதல் இரண்டு கூடையை அப்பாவுக்குக் கொண்டுபோனோம். பெட்டியைச் சுற்றி அணைத்து வைத்தோம். அதன் பிறகு புல்வெளி. அம்மா எல்லைக் கல்லைத் தாண்டிக் காலை வைத்தாள். பாலம் போனதிலிருந்து, வேரைப் பிடித்துத் தொங்கினாலும் தொங்குவேன், அந்த நிலத்தில் கால் வைக்க மாட்டேன் என்று வீம்பாக இருந்தவள். பிறந்த வீட்டு மகள் நடந்து போவதை மாமாவால் தடுக்க முடியாது, என்னையும் முடியாது. ரத்தம் நடக்கலாம். அவளைக் கட்டிக்கொண்டு போனவன்தான் போகக்கூடாது.

கொட்டினோம், காலால் மிதித்தோம், ஏறினோம். மறுபடி கொட்டினோம். ஒரு வண்டி அகலத்துக்கு வெள்ளைப் பட்டை ஒன்று கல்லிலிருந்து கீழே நீள ஆரம்பித்தது. மாமா சற்று நேரம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாளியோடு வந்து, நாங்கள் கொட்டியதன் மேலேயே ஒரு வீச்சு வீசினார். கல்லுப்பின் மேல் மிளகுத்தூள் போல விழுந்தது.

"நீ அள்ளிக் கொட்டினா குளிர்காலம் வந்துருமா புர்கா?" என்றார் அம்மாவிடம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் அவள் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான். "அப்ப நான் அடுப்பக் கொண்டாந்து இங்க வெச்சா வெயில்காலமா?"

"வெச்சுப் பாரு" என்றாள் அம்மா. "அந்த அடுப்புல உன் தலைய வெக்கறேன்."

அதோடு பேச்சு முடிந்தது. மதியம் வரை அவர்கள் இருவரும் பத்தடி இடைவெளியில், ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே நிலத்தில் எதிர் எதிர் வேலை செய்தார்கள். ஒருத்தி வெள்ளையைக் கொட்டினாள். ஒருவர் கறுப்பைத் தூவினார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, சேர்ந்து ஏதோ விதைக்கும் அண்ணன் தங்கை போலத் தெரிந்திருக்கும். காற்று வேறு மாமாவின் பக்கம். நாங்கள் ஒரு கூடையோடு திரும்பி வருவதற்குள் முந்தைய கூடை பாதியாகியிருக்கும்.

மதிய மணி அடித்தது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மதிய மணிக்குப் பிறகு, ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை, எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் சாம்பலை வெளியே எடுக்க மாட்டார்கள். அதோடு வீட்டின் அதிர்ஷ்டமும் போய்விடும் என்பது பயம். மாமா பாதி வீச்சில் கையை நிறுத்தினார். கையிலிருந்ததை வாளிக்குள்ளேயே போட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சிரித்திருக்க வேண்டாம். நாங்கள் அடுத்த கூடையோடு வரும்போது மாமா புல்வெளியின் தலைமாட்டில், பாசன வாய்க்கால் பக்கத்தில் நின்றிருந்தார். அக்டோபரிலேயே அடைத்துவிட வேண்டிய வாய்க்கால். கோடையில் மதகுப் பலகையை உயர்த்தினால் தண்ணீர் வழிந்து, புல்வெளி முழுக்க விசிறி போலப் பரவும். மாமா ஓடைத் தண்ணீரை உள்ளே திருப்பிவிட்டு, பலகையை முழுக்க உயர்த்தினார். தண்ணீர் புல்லுக்குள் சலசலவென்று இறங்கி வந்து, எங்கள் வெள்ளைப் பட்டையை முதலில் சாம்பல் நிறமாக்கி, பிறகு ஓட்டை போட்டு, பிறகு சாவகாசமாகத் தின்றது. அம்மா அதன் முன்னால் கூடையைக் கவிழ்த்தாள். அதையும் தின்றது.

அம்மா கூடையைக் கழற்றவில்லை. நின்ற இடத்திலேயே, அண்ணனைப் பார்த்து, அவர் சாகும்போது நாய்கூடப் பின்னால் நடக்காது என்றாள். கத்தவில்லை, விலை சொல்வதைப் போலச் சொன்னாள். மாமா மதகுப் பலகையை இன்னும் ஒரு முறை தட்டி இறுக்கிவிட்டுப் போனார்.

சாயங்காலம், வழக்கப்படி, தணல் சட்டியில் சாம்பிராணி போட்டு வீட்டைச் சுற்றி வரவேண்டும். அது ஆண்பிள்ளை வேலை. அம்மாவே சட்டியைத் தூக்கிக்கொண்டாள். நான் புனிதநீர்க் கிண்ணத்தோடு பின்னால் நடந்தேன். சமையலறை, மாட்டுத் தொழுவம், கடைசியில் கொட்டகை. அப்பாவின் பெட்டியைச் சுற்றி வந்தபோது, சாம்பிராணி வாசனையையும் மீறி அது இருந்தது. அம்மா தலைமாட்டில் நின்று, நாளைக்குக் காட்டு மரங்களுக்கு நடுவே நாமே பள்ளம் தோண்டலாம், மந்திரிக்காத மண்ணானாலும் மண் மண்தான் என்றாள். தோற்றுப்போன அம்மாவின் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கேட்கப் பிடிக்காமல் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். இவ்வளவு நேரம் கதவுப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்த புகை, இப்போது கயிறு மாதிரி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

வெளியே வந்தோம். கீழ்வீட்டுப் புகைபோக்கியிலிருந்தும் புகை நேராக எழுந்தது. காற்று நின்றுவிட்டது. மேகம் முழுவதும் எங்கோ போயிருந்தது. மூக்குத் துவாரத்தில் மயிர் ஒட்டிக்கொள்ளும் குளிர், ஒரு நிமிஷத்தில், கதவைத் திறந்துகொண்டு வருகிற ஆள் மாதிரி வந்தது. புல்வெளியில் தண்ணீர் இன்னும் சலசலத்துக்கொண்டிருந்தது. அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள். சாமியார் போல வாயை அசைத்தாள். அவள் ஜெபித்தாளா, மாமா வெளியே வந்து பலகையை இறக்கிவிடக் கூடாது என்று சபித்தாளா, தெரியாது.

அந்த நேரத்தில் கீழ்வீட்டுக்குள் நடந்ததை அத்தை பிற்பாடு சொன்னாள். காத்து நின்னுடுச்சு, பலகையை இறக்கிடுங்க என்று இரண்டு முறை சொன்னாளாம். ஓடுற தண்ணி உறையாது என்று மாமா சூப்பைக் குடித்துக்கொண்டே பதில் சொன்னாராம். ஐம்பது குளிர்காலம் பார்த்த மனுஷன். ஓடுகிற தண்ணீர் எப்படி அடுக்கடுக்காக உறையும் என்பதை எனக்குச் சின்ன வயதில் விரல் வைத்துக் காட்டியவரே அவர்தான்.

கிறிஸ்துமஸ் காலையில் புல்வெளி இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே கண்ணாடி. அடியில் புல், சாம்பல், எங்கள் பனியின் மிச்சம் எல்லாம் அசையாமல் கிடந்தன, மேலே விரலளவு பனிக்கட்டி. வெயில் பட்டு ஊருக்கே கண் கூசியது. வானத்திலிருந்து ஒரு துளி பனி விழவில்லை.

அம்மா என்னைக் கீழே அனுப்பினாள். போய்ச் சொல்ல வேண்டியதை வழக்கம் மாறாமல் சொன்னேன்: மேல்வீட்டு முதல் பாரம் இறங்குகிறது, கீழ்வீட்டுக்காரர் வந்து தடம் பார்க்க வேண்டும். மாமா சவரம் செய்து, பண்டிகைக் கோட்டு போட்டு, பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். என்னைத் தாண்டிப் புல்வெளியைப் பார்த்தார். அதற்கு முன்பே ஜன்னல் வழியாக நூறு முறை பார்த்திருப்பார். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு என் பின்னாலேயே ஏறினார்.

பெட்டி வண்டியில் ஏறியிருந்தது. அம்மா அப்பாவின் பூட்ஸை மாட்டி, இரும்பு முள் கட்டிக்கொண்டு, முன்னால் வளைந்து எழும்பும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே நின்றாள். சறுக்குவண்டியை இழுக்க வேண்டியதே இல்லை. இறக்கத்தில் அது நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். முதுகைக் கொடுத்துக் குதிகாலை ஊன்றி நிறுத்திப் பிடிப்பதுதான் வேலை. செங்குத்தான இடத்தில் சறுக்குக் கட்டைக்கு அடியில் சங்கிலி போட்டுக்கொள்வார்கள். அம்மா சங்கிலியைக் கழற்றித் தரையில் போட்டிருந்தாள். சங்கிலி பனிக்கட்டியைக் கீறும். கீறினால் மண் தெரியும்.

சங்கிலி இல்லாமல் கண்ணாடியில் இறங்குவதா என்று நான் ஆரம்பித்ததை அவள் கேட்கவில்லை. பின்பக்கக் கயிற்றை என் இடுப்பில் கட்டினாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"மண்ணு தெரிஞ்சாச் சொல்லுங்க கீழ்வீட்டுக்காரரே. தெரிஞ்ச எடத்துலயே எறக்கி வெச்சுட்டுத் திரும்பிடறேன்."

"சொல்லுவேன்" என்றார் மாமா. "சொல்லாம விட மாட்டேன்."

எல்லைக் கல்லைத் தாண்டினோம். அம்மாவின் இரும்பு முட்கள் கட்டியைக் கொத்தும் சத்தம் மட்டும் கேட்டது. வண்டி மெதுவாக, மிக மெதுவாக, மூக்கைத் தாழ்த்தியது. நான் கயிற்றோடு பின்னால் சாய்ந்து, காலை அகட்டி, பக்கவாட்டில் இறங்கினேன். எனக்குப் பின்னால் மாமா. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, இரண்டு சறுக்குக் கட்டைகளும் போன தடத்தை ஓர் அங்குலம் விடாமல் மேய்ந்துகொண்டே வந்தார். கீழே பூசைக்கு வந்த ஊர்ஜனம் தேவாலயப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தது. இங்கிருந்து அவர்கள் எறும்பு. அங்கிருந்து நாங்கள் எப்படித் தெரிந்திருப்போம் என்று யோசித்தேன்: முன்னால் விதவை, நடுவில் பெட்டி, பின்னால் மகள், கடைசியில் தலை குனிந்தபடி மைத்துனன். பார்த்தால் கண்ணீர் வரும். முதலில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு எல்லோரும்.

பாதி வழியில் ஒரு மேட்டு விளிம்பு உண்டு. அங்கே தண்ணீர் தேங்காமல் குதித்து ஓடியிருக்கிறது, கட்டி மெல்லியது. எனக்கு அது தெரியவில்லை. என் கால் வழுக்கியது. கயிறு தளர்ந்ததும் வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. நான் வயிற்றில் விழுந்து இழுபட்டேன். பெட்டி அம்மாவின் முதுகில் மோதும் சத்தம் கேட்டது. அப்பாவின் முழு எடையும். அவள் கத்தவில்லை. ஒரு கொம்பைக் கீழே அழுத்தி, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது சறுக்குக் கட்டையின் விளிம்பைக் கட்டிக்குள் கடிக்கவிட்டாள். கரகரவென்று கண்ணாடி உடைந்தது. வண்டி நின்றது.

நான் முழங்காலில் எழுந்து திரும்பிப் பார்த்தேன். வெள்ளைத் தடத்தின் நடுவில், தட்டு அகலத்துக்கு, மண். கறுத்து, ஈரமாக, புது ரொட்டியைப் பிட்ட மாதிரி. அத்தை சுமந்து ஏற்றிய மண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

மாமா அதன் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

அவர் அதைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டதையும் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. மூச்சு புகையாக வந்தது.

அம்மாவால் திரும்ப முடியாது. திரும்பினால் வண்டி அவளை ஏறிக்கொண்டு போய்விடும். அண்ணனைப் பார்க்காமல், கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியுதா?"

கீழே பூசை மணி அடிக்க ஆரம்பித்தது.

"தெரியுதான்னு கேட்டேன்."

மாமா ஓரடி முன்னால் எடுத்து வைத்தார். பண்டிகைக்காக மெழுகு போட்டுத் துடைத்த பூட்ஸ். வலது காலை அந்த மண்ணின் மேல் வைத்தார். அங்கேயே நின்றார். அது எல்லோரிடமிருந்தும் மறைப்பதற்கா, ஊர்த்தலைவர் வந்து பார்க்கும்வரை அழியாமல் காப்பதற்கா என்று அவர் முகத்தில் தேடினேன். சவரம் செய்த முகம், தாடையில் ஒரு சிறு வெட்டு, வேறொன்றுமில்லை.

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு குதிகாலை எடுத்தாள். வண்டி நகர்ந்தது. கயிறு இழுத்ததும் நானும் எழுந்து நடந்தேன். இந்தத் தடவை பின்னால் வரும் காலடி கேட்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கல்லறைச் சுவர் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய வெளிச்சத்தின் நடுவில் மாமா ஒரு கறுப்புக் குச்சி மாதிரி நின்றிருந்தார். குளிர் தாங்காமல் இடது காலை மட்டும் திரும்பத் திரும்ப உதைத்துக்கொண்டிருந்தார். வலது கால் வைத்த இடத்திலேயே இருந்தது.